கேமராவைக் கண்டதும் காணாமல் போன படை

...பொறுங்க, பொறுங்க. அங்க இலை போட்டுட்டாங்க, சாம்பார் வாசம் மேடை வரைக்கும் வருது. எனக்கும் மூக்கு இருக்கு! ஒரு சின்னக் கதை, அதை மட்டும் சொல்லிட்டு மைக்கைக் கொடுத்துடறேன். நம்ம லைன்மேன் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் பணி ஓய்வு விழா. கதை என்னமோ கமாண்டோப் படையைப் பத்தி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில சொல்றேன்.

ஒரு நாடு. பேரு வேண்டாம்... எதுக்கு வம்பு? அந்த நாட்டு ராணுவத்துல நாப்பது பேர் கொண்ட ஒரு ரகசியப் படை. அவங்களுக்குப் பயிற்சி ஒண்ணே ஒண்ணுதான். யார் கண்ணுலயும் படக் கூடாது! படை ஆரம்பிச்ச மொத மாசம் என்னாச்சு தெரியுமா? அரிசி கொண்டு வந்த லாரி மூணு நாள் காட்டைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, ஆளே இல்லன்னு திரும்பிப் போயிடுச்சு. நாப்பது பேரும் புதருக்குள்ள இருந்து லாரியைப் பாத்துக்கிட்டே பட்டினி கெடந்தாங்க. கையை ஆட்டிக் கூப்பிடலாம்ல? மாட்டாங்க! கூப்பிட்டா பயிற்சி என்னாவறது?

அப்புறம் மொத சண்டை. எதிரி முகாமுக்குள்ள போயி ஒரு வரைபடத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. எதிரிக்குத் தெரியல. நல்லது. சொந்தத் தளபதிக்கும் தெரியல! மறுநாள் அவரு, "ஏன்யா இன்னும் கிளம்பல?"ன்னு மறுபடியும் அனுப்பினாரு. போனாங்க. போயி என்ன பண்ணினாங்க? எடுத்த வரைபடத்தை எடுத்த எடத்துல வச்சுட்டு... திரும்ப எடுத்துட்டு வந்தாங்க. உத்தரவுன்னா உத்தரவு!

அந்தப் படையில பாராட்டுன்னா எது? மெடல் கிடையாது. கைதட்டல் கிடையாது. படையை நடத்தற கர்னல் பக்கத்துல வந்து, "நீ இருந்ததே தெரியலய்யா!"ன்னு சொல்வாரு. அவ்வளவுதான். ஆளு அப்படியே பூரிச்சுப் போயிருவான்.

அதுல ஒருத்தர், ஹவில்தார் தங்கமாயன். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். வீட்டுல உண்மையைச் சொல்லக் கூடாதுல்ல? பட்டாளத்துல டீ போடறேன்னு சொல்லி வச்சிருந்தாரு. ஒரு நா மக பூங்கோதை கேட்டா. "ஏம்ப்பா, பட்டாளம் பட்டாளம்ங்கறியே... பட்டாளத்துச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு போட்டோ கூடவா எடுக்கல?" பெத்த மக கேட்டது மனுஷனுக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு.

ரிட்டயர் ஆகற நாள் வந்துச்சு. கர்னல் சொன்னாரு, "தங்கமாயா, இனிமே வீட்டுல நீ உண்மையைச் சொல்லலாம்யா."

"சொன்னா நம்ப மாட்டாங்கய்யா. நாம எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துக்குவோம். எனக்கு அது ஒண்ணு போதும்."

டவுன்ல இருந்து போட்டோக்காரர் வந்தாரு. நாலு வரிசை நாற்காலி. தங்கமாயன் கழுத்துல மாலை. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிக் கண்ணுல வச்சு, "ரெடி!"ன்னாரு. டபக்! நாற்காலி இருக்கு. ஆளக் காணோம்! எவன் எதைக் குறி வச்சாலும் பாய்ஞ்சு ஒளியணும்... இருபத்தஞ்சு வருஷப் பழக்கம் அது.

கர்னல் கத்தறாரு. "டேய், அது கேமராடா! வெளிய வாங்கடா!"

வந்தாங்க. "ரெடி!" டபக்!

"இந்தத் தடவை ஒருத்தன் அசைஞ்சான்... தொலைச்சிருவேன்!" 

"ரெடி!" 

தண்ணித் தொட்டிக்குள்ள தொபுக்கடீர்னு ஒரு சத்தம். யாரு? கர்னல்!

நம்ம தங்கமாயன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாரு. மகளுக்காக நிக்கணும்... நிக்கணும்... பிளாஷ் மின்னுச்சு. அவரும் இல்ல.

வெறும் நாற்காலிப் படத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. பக்கத்து வீட்டுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "என்ன தங்கமாயா, பந்தல் கடையிலயா வேலை பாத்தே?" மனுஷன் தலை குனிஞ்சு உக்காந்துட்டாரு. பூங்கோதை சிரிக்கல. படத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போயி, ஒவ்வொரு மூலையா பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா...

"அப்பா! இந்தச் செடிக்கு அடியில தெரியுதே ஒரு காது... இது உன் காதுதானே? சின்னப் புள்ளையில உன் தோள்ல உக்காந்து நான் புடிச்சுக்கிட்டு வந்த காதுப்பா இது!"

தங்கமாயன் ஓன்னு அழுதுட்டாரு. "எதிரிப் பட்டாளமே என்னைக் கண்டுபிடிக்கலடி... நீ கண்டுபிடிச்சுட்டியே!"

இப்ப சொல்றேன் சம்பந்தத்தை. கரண்டு இருக்கையில லைன்மேனை நெனச்சவங்க யாராவது கையைத் தூக்குங்க பாப்போம்... ஒரு கை கூட இல்ல. என் கையும் இல்ல! போன புயல்ல அண்ணாச்சி ரெண்டு நாள் கம்பத்து மேலயே கெடந்தாரு. நாம கீழ என்ன பண்ணினோம்? பேன் சுத்த ஆரம்பிச்சதும் குப்புறப் படுத்துத் தூங்கினோம். முப்பத்திரண்டு வருஷமா இந்தத் தெரு அவருக்குக் கொடுத்த ஒரே பாராட்டு, "நீ இருந்ததே தெரியல." எனக்கு வெக்கமா இருக்குங்க. ஒரு மனுஷனுக்கு வேண்டியது மெடல் இல்ல. 'அது உன் காதுதானே'ன்னு அடையாளம் சொல்ல ஒரு ஆளு. அவ்வளவுதான்.

சரி, போட்டோக்காரத் தம்பி கேமராவோட வந்துட்டாரு. எல்லாரும் மேடைக்கு வாங்க. எங்க அண்ணாச்சி?... அங்க பாருங்க! சவுண்டு பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கறாரு!

அண்ணாச்சி, பாத்துட்டோம். முன்னால வாங்க.