முதல் கேள்வி

சத்தமாகப் பேப்பர் படிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. தலைப்புச் செய்தி முடிவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. தினமும் காலையில் என் அண்ணனுக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். அவருக்குக் கண் தெரியாது. அது எப்படிப் போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். நான் பார்சல் கோடவுனில் சரக்கு இறக்குகிறவன். ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டினேன், அதுவும் பெட்டிகளைப் பார்த்து. ‘இந்தப் பக்கம் மேலே’, ‘கண்ணாடி, கவனம்’. இவைதான் என் பாடப் புத்தகம். அதுவரை சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் கைநாட்டு. நான் படித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பழகிவிட்டது, பெயர் வைத்தவருக்கு.

கடைச் சீட்டில் ‘விலை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘விளை’ என்று எழுதிவிடுவேன். "டேய் கைநாட்டு, குண்டு ள போட்டா விளையும்டா, விக்காது" என்பார். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், சிரிக்காமல் எப்படி?

பிறகு அவர் கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் பேப்பரை என் பக்கம் தள்ளி, "நீ படிடா" என்றார். படித்தேன். வரிக்கு வரி திருத்தினார், ஆனால் நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். அந்தச் சுகம் உங்களுக்குப் புரியாது. நீங்கள் சின்ன வயதிலேயே படித்தவர்கள்.

சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் மிச்சப் பார்வை நிற்கும், கண்ணாடி போட்டுப் பெரிய எழுத்துப் படிக்கலாம் என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது என்றார். செலவுக்கு என்ன வழி என்று அண்ணனும் அவர் மகளும் நாள்கணக்கில் பேசினார்கள். என்னிடம் சேமிப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அண்ணனிடம் பழைய பைக் ஒன்று இருந்தது. இப்போது அந்த மாதிரி வருவதில்லை, ஆசைக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். வெளியூரில் இருக்கும் அவர் மகள் அதை ஆன்லைன் ஏலத்தில் போட்டாள்.

"ஏலத்துல என்ன வெலைக்குப் போகும்னு சொல்ல முடியாது சித்தப்பா. அதான் ஒரே வெலையும் சேர்த்துப் போட்டிருக்கேன். ‘உடனே வாங்கு’ பட்டனை அமுக்கினா பைக் அவங்களுக்கு, பணம் நமக்கு. அப்பா ஆபரேஷனுக்குச் சரியா இருக்கும்."

"அந்தப் பட்டன் எப்பவும் இருக்குமாம்மா?"

"யாராவது முதல்ல ஏலம் கேட்டுட்டா மறைஞ்சிடும். அப்புறம் கடைசி வரைக்கும் ஏலம்தான்."

நல்ல ஏற்பாடு. அவசரத்தில் விற்கிறவருக்கும் வசதி, அவசரத்தில் வாங்குகிறவருக்கும் வசதி. அவசரம் இல்லாதவனைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஒருவர், பேங்கில் பணம் எடுத்துவிட்டு மறுநாள் பட்டனை அமுக்குவதாகச் சொன்னார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. என் முதுகில் தட்டி, "டேய் கைநாட்டு, உனக்கு வேலை போச்சுடா. இனிமே நானே படிச்சுக்குவேன். உன் வாயில தமிழ் பட்ட பாடு போதும்" என்றார்.

மறுநாள் கோடவுனில் சாப்பாட்டு இடைவேளையில், ‘கவனம்’ என்று எழுதிய ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். போனில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஏதோ ஒரு பெயரில் கணக்குத் திறந்தேன். அந்தப் பைக்கை ஆரம்ப விலைக்குக் கேட்டேன். நம் பேச்சில் ஏலத்தில் விலை சொல்வதைக் கேட்பது என்றுதான் சொல்கிறோம். கேட்பதில் என்ன தப்பு? பட்டன் மறைந்தது. ஒரு சத்தம்கூட இல்லை.

ஒர்க்‌ஷாப்காரர், "ஏலத்துல மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லைம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பைக் வாங்கிவிட்டார். கடைசி வரை வேறு யாரும் கேட்கவில்லை, பைக் எனக்கே விழுந்தது. பணம் கட்டாமல் இருந்தேன். அண்ணன் மகள் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி வேறு பெயரில் கேட்டேன், அதுவும் எனக்கே விழுந்தது.

இந்தத் தடவை அவள் விடவில்லை, பணம் எப்போது வரும் என்று எழுதிக் கேட்டாள். பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று போட்டேன். அன்று சாயங்காலம் அவள் அப்பாவுக்குப் போன் செய்து, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"‘விளை கொஞ்சம் அதிகம், யோசித்துச் சொல்கிறேன்’னு எழுதியிருக்கான்ப்பா. விலைகூட எழுதத் தெரியலை, ஏலத்துக்கு வந்துட்டான்."

அண்ணன் சிரிக்கத் தொடங்கினார். பிறகு, "எந்த ல போட்டிருக்கான்?" என்றார்.

"குண்டு ள."

அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பினார். அதற்குள் அவருக்கு என் உருவம் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும்.

"அவனைத் திட்டாதம்மா" என்றார். "இன்னும் படிச்சுக்கிட்டிருக்கான் போல."

பெரிய மனசு அவருக்கு. முன்பின் தெரியாத ஒருவனுக்காக யார் அப்படிச் சொல்வார்கள்?

மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை. நான் ஒன்றும் கெட்டவன் இல்லை. பட்டன் தன் பாட்டுக்கு இருந்தது, யாரோ அமுக்கினார், சொன்ன விலை அப்படியே வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அண்ணனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். அண்ணன் என் கையிலிருந்த தன் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வியர்த்திருக்கும்.

ஆமாம், நான்தான் செய்தேன். யார் கேட்டாலும் சொல்வேன். அண்ணன்தான் கேட்கவேயில்லை.

அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் டீ, பிறகு பேப்பர், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. சுவரைப் பார்த்தபடி அமைதியாகக் கேட்டுக்கொள்கிறார். கைநாட்டு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் வரிக்கு வரி நிறுத்துவார். இப்போது ஒரு வார்த்தைகூடத் திருத்துவதில்லை. அவ்வளவு சுத்தமாகப் படிக்கிறேன்.