கம்பு போற வழி

தெரியுது மாஸ்டர், தெரியுது. தோள் மறுபடி தூக்கிக்கிச்சு. நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இருங்க, கோல்ஃப் கம்பப் புடிச்சிக்கிட்டு இன்னொரு வாட்டி நிக்கிறேன். காலு ரெண்டும் தோள் அகலத்துக்கு. பந்து எடது குதிகாலுக்கு நேரா. முட்டி லேசா மடங்கணும். எல்லாம் வாயில வருது, ஒடம்புலதான் வரமாட்டேங்குது.

புடி இறுக்கமா? ஆமா, இறுக்கந்தான். டெம்போ ஓட்டுற கை மாஸ்டர் இது. முதலியார்பேட்டையிலேர்ந்து காலாப்பட்டு வரைக்கும் ஸ்டியரிங்க நசுக்கிக்கிட்டே வர்ற கை. அதுக்கு முன்னாடி மில்லுல தறி ஓட்டுச்சு. நீங்க என்னான்னா, இட்லிய துணியிலேர்ந்து எடுக்குற மாதிரி புடின்றீங்க. ரிலாக்ஸா இரு, ரிலாக்ஸா இருன்றீங்க. எப்படி இருக்கறது? நாளைக்கு ராத்திரி எம்பொண்ணு புருஷன் கூட திரும்ப பிரான்சுக்கு ஃப்ளைட்டு ஏறணும். அனுப்புறதா வாணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல.

அய்யய்ய. மண்ணுதான் பறந்துது. சிரிங்க, சிரிங்க, பரவால்ல. இந்த ரிசார்ட்டுல தங்கியிருக்கற வெள்ளக்காரங்க சிரிக்கறதுக்கு நீங்களே சிரிச்சிட்டுப் போங்க.

மொத நாளு ஒங்ககிட்ட என்னா சொன்னேன்? மாப்ள பிரான்சுல கோல்ஃப் ஆடுறவரு, ஊருக்கு வர்றாரு, அவரு கூட சேந்து நாலு அடி அடிக்கணும், கத்துக்குடுங்கன்னு. பொய்யின்னு சொல்லமாட்டேன். பாதி நெசம்.

மதிவாணன்னு பேரு. அவங்க தாத்தா சொல்தா. பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குனவரு. குடும்பமே ஃப்ரெஞ்சு நேஷனாலிட்டி. நம்மூர்ல நேஷனாலிட்டி மாப்ளன்னா என்னா மவுசுன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? சம்பந்தம் வந்த அன்னிக்கி எம்பொண்டாட்டி கொளஞ்சி தரையில நடக்கல மாஸ்டர். டெம்போக்காரன் பொண்ணு பாரீசுக்குப் போவுதுன்னு தெருவே பேசிச்சு. விசாரிச்சோம், விசாரிக்காம இல்ல. பேப்பரெல்லாம் சரியா இருக்குதான்னு பத்திரம் எழுதுற நொத்தேர் ஆபீசு குமாஸ்தாவக் கூப்ட்டு ஃப்ரெஞ்சுல இருக்கறத ஒவ்வொரு வரியா படிக்கச் சொன்னோம். கைநாட்டு மாதிரி தலையத் தலைய ஆட்டுனோம். ஆளு எப்படின்னு மட்டும் அங்க இருக்கற ஒத்தரையும் கேக்கல. நம்மூர்ல யாருதான் கேக்குறா?

சரி சரி, பந்தப் பாக்குறேன். தலையத் தூக்கக் கூடாது. மூச்ச உட்டுக்கிட்டே அடிக்கணும்.

பரவால்லியா? கொஞ்ச தூரம் போச்சு. நேராப் போவல, ஆனா போச்சு.

எம்பொண்ணு சிவசங்கரி அங்கேர்ந்து தனியா வந்து எறங்குனப்ப எடது கையில மாவுக்கட்டு. எங்கிட்ட போன்ல மூச்சு வுடல பாருங்க. என்னாம்மா இதுன்னா, தரையப் பாத்துக்கிட்டே சொல்லுது. அவரு ஹால்ல நின்னு கோல்ஃப் பிராக்டீஸ் பண்ணிக்கிட்டிருந்தாருப்பா, நான் டீ எடுத்துக்கிட்டுப் பின்னால வந்தேன், தெரியாம பட்டுடுச்சுன்னு. மாப்ளைக்குப் போன் போட்டா, அவரும் அதேதான். ஹால்லு, டீ, பின்னால வந்தா, பட்டுடுச்சு. ஒரு வார்த்த மாறல மாஸ்டர். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நெசமா நடந்தத ரெண்டு பேரு சொன்னா ஒண்ணாவா இருக்கும்?

கொளஞ்சி நம்பிட்டா. கண்ணு பட்டதுதான்யா, தெருவுல எவ கண்ணோ கொள்ளிக்கண்ணுன்னு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டா. வெளையாட்டுல பட்டதப் போயி பெருசு பண்ணி பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடாதன்னு என்னையே திட்டுறா. கட்டு பிரிச்சாச்சு. மாப்ள முந்தாநாளு வந்து எறங்கிட்டாரு. மாமா மாமான்னு மரியாதைக்குக் கொறச்சலே இல்ல. கொளஞ்சி வஞ்சிர மீனு, நண்டுன்னு ஆக்கி ஆக்கிப் போடுறா. பொண்ணு பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு அதும் பக்கத்துலயே உக்காந்திருக்குது. ஒரு துணி உள்ள போவல. போறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

கொஞ்சம் ஒதவி பண்ணுங்க. கம்ப நீங்க வாங்கிக்குங்க. நில்லுங்க. நான் ஒங்க பின்னால, இப்படி, டீ கிளாசு கையில இருக்கற மாதிரி வர்றேன். அட, பயப்படாதீங்க, மெதுவாத்தான். பின்னால கொண்டாங்க. நிறுத்துங்க. எங்க தொடுது? இடுப்புகிட்ட. இன்னுங் கொஞ்சம். இப்ப முழங்கைக்கு மேல. சரியா? என் கையப் பாருங்க, நெஞ்சாண்ட இருக்குது, டீயும் இங்கதான் இருக்குது. இங்க பட்டா சுடுடீ எங்க கொட்டும்? மாரு மேல, கை மேல. எம்பொண்ணு ஒடம்புல ஒரு சுட்ட வடு இல்ல மாஸ்டர். கொளஞ்சியே பாத்துட்டு சாமி காப்பாத்துச்சுன்றா.

இப்ப இத்தப் பாருங்க. எலும்பு ஒடஞ்சது இந்த எடம். சுண்டுவெரல் பக்கமா, மணிக்கட்டுக்கு மேல. இந்த எடத்துல கம்பு வந்து விழணும்னா கைய எங்க வச்சிருக்கணும்? நான் வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னு எப்படியெப்படியோ வச்சிப் பாத்தேன். ஒரே மாதிரிதான் வருது. இப்படி. நெத்திக்கு மேல, மொகத்த மறச்சிக்கிட்டு.

டீ எடுத்துக்கிட்டு வர்றவ எதுக்கு மாஸ்டர் மொகத்த மறைக்கணும்?

தெரியாம பட்டிருக்கும்னு சொல்ல வாய் வருதா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா மொத நாளே நீங்கதான சொன்னீங்க, சுத்துமுத்தும் பாக்காம கம்பத் தூக்குறவன் ஆட்டக்காரனே கெடையாதுன்னு. அவரு வருஷக்கணக்கா ஆடுறவரு. வூட்டுக்குள்ள இத்தச் சுத்துனா மோட்டுல இடிக்கும்னும் நீங்கதான் சொன்னீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் கம்ப கோணலா கொண்டுபோறேன், ஒசத்துறேன், சாய்க்கிறேன்னு தெனம் தலையில அடிச்சிக்குவீங்களே. பாதி வேணும்னே பண்ணது. தப்பா அடிச்சாலாவது, தடுமாறி அடிச்சாலாவது, அந்த எடத்துக்குக் கம்பு வருதான்னு பாத்தேன். அவரு சொன்னது நெசமா இருந்துடணும்னுதான் மாஸ்டர் நான் இங்க வந்தேன். சாமி சத்தியமா. ஒரு வாட்டி வந்துட்டா போதும், எம்பொண்ண நிம்மதியா ஏத்தி வுட்டுடலாம்னு. வரவேயில்ல.

அழுவல, அழுவல. வேர்வ. கடக்கர காத்துலயும் வேக்குது பாருங்க.

இந்தக் கம்ப இன்னிக்கு சாயங்காலத்துக்குக் குடுங்க. காலையில பத்திரமா கொண்டாந்து வச்சிடுவேன். ச்சீச்சீ, அடிக்கறதுக்கில்ல. அந்தப் பாவத்த நான் எதுக்குச் சேத்துக்கணும்? வாசல்ல நிக்க வச்சி மாப்ள கையில குடுப்பேன். கொளஞ்சியக் கதவாண்ட நிக்கச் சொல்வேன். ஒரு கிளாஸ் டீயப் புடிச்சிக்கிட்டு எம்பொண்ணு நின்ன எடத்துல நான் நிப்பேன். எப்படி பட்டுச்சு மாப்ள, மெதுவா ஒரு வாட்டி செஞ்சி காட்டுங்கன்னு கேப்பேன். அவ்ளோதான். சிவசங்கரி வாயத் தொறக்க வாணாம். கொளஞ்சி கண்ணால பாத்தா போதும்.

என்னா அப்படிப் பாக்குறீங்க?

ஆமா இல்ல! எறங்கியிருக்குது. ரெண்டு தோளும். இன்னிக்குத்தான் எறங்கியிருக்குது.

குடுங்க மாஸ்டர், டெம்போவுல சீட்டுக்குப் பின்னால வச்சிக்கறேன். நேரமாவுது. போற வழியில, நாளைக்குக் கார் பேசி வச்சிருக்கற வடிவேலு ஸ்டாண்டுல இருப்பான், அவங்கிட்ட வேற சொல்லிட்டுப் போவணும். நாளைக்கு மெட்ராசு ஏர்போர்ட்டுக்கு ரெண்டு பேரு இல்ல, ஒரு ஆளுதான்னு.