பேரை விடாத புரோகிராம்

துடியலூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கர்ப்பிணி, கணவனிடம் ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் அவர்களுடைய சின்ன மகள்.

“கம்ப்யூட்டர்ல பழைய புரோகிராம் அதோட பேரை விடவே மாட்டேங்குதுங்க. அந்தப் பேரைச் சொல்லித்தான் மத்த புரோகிராமெல்லாம் அதைக் கூப்புடும். புதுசு அதுக்காக வரிசையில நிக்குது.”

“புடுங்கிக் குடுத்துப்போட வேண்டியதுதானே, அம்மணி?”

“எடுத்துக்கலாம்னு பழையது முன்னாடியே சொல்லியிருக்கோணுங்க. இல்லாட்டி அதுவா விடோணும்.”

மகள் நிமிர்ந்தாள். “பாப்பா வந்தா கண்ணுன்னு யாரைக் கூப்புடுவீங்கம்மா?”

“உன்னையத்தான்.”

“அப்ப பாப்பாவை?”

“அதை அப்பாவைக் கேளு, கண்ணு.”

“நான் பெரிய ஸ்கூல் போனதும் அந்தப் பேரைப் பாப்பாவுக்குக் குடுத்துடறேன்” என்ற மகள், அம்மாவின் வயிற்றோரம் குனிந்து சொன்னாள்:

“அதுவரைக்கும் வரிசையில நில்லு, கண்ணு.”