ஊரு வச்ச தீ

ரயிலுக்காக மலையக் குடையறதுக்கு ரொம்ப முந்தி, கணவாய் அடிவாரத்துல நெடுவாகைன்னு ஒரு ஊரு. அந்த ஊருல செண்பகவடிவுன்னு ஒரு பொம்பள. நம்ம தெருவுல பாதி வீட்டுக்கு அவதான் வேரு. புருசன் செத்தபெறகு விறகுக்கடைய அவளே நடத்துனா. எடையில குத்தஞ் சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க.

அது ஆனி மாசம். சாரல்னா சாரல், அப்படி ஒரு சாரல். பதினோரு நாளா சூரியன் மொகத்தக் காணல. ஊருலயே காஞ்ச விறகு வடிவு கொட்டகையில மட்டுந்தான் இருந்துச்சாம். அதுவும் நாட்டாமை வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லி வச்ச விறகு.

அப்பத்தான் மலையில இருந்து ஒருத்தன் எறங்கி வந்தான். ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவன். மலைக்காய்ச்சலோட தள்ளாடித் தள்ளாடி வந்தான். சாவடியில படுத்தான். ரெண்டு நாள் கிடந்தான். மூணாம் நாள் காலையில பாத்தா, உசுரு இல்ல. பேரு தெரியாது. ஊரு தெரியாது. அழ ஆளு கிடையாது.

சுடுகாட்டு வேல பாக்குறவன் சொள்ளமாடன். பொணம் அவன் தலையில விழுந்துச்சு. நாட்டாமை வீட்டுக்குப் போனான். "கல்யாண வீட்டு வாசல்ல வந்து பொணப் பேச்சா பேசுத? போல அந்தால"ன்னு வெரட்டிட்டாராம். மேலத்தெருவுக்குப் போனான். "சொந்தக்காரன் வரட்டும்"னு கதவச் சாத்துனாங்க. கீழத்தெருவுக்குப் போனான். அங்கயும் அதே பேச்சு. வீடு வீடாப் போயி, கடைசியா வடிவு கொட்டகைக்கு வந்து நின்னான்.

"தாயி, குழி தோண்டுனா தண்ணி ஊறுது. எரிக்கத்தான் வேணும். கொஞ்சம் காஞ்ச விறகு குடுங்க."

"காசு யாருல தருவா?"

"யாரும் தரமாட்டேங்காவ தாயி."

"அப்ப நான் மட்டும் தர்மச் சத்திரமா நடத்துதேன்? இது நாட்டாமைக்கு வாக்குக் குடுத்த விறகு."

அவன் போகல. நனைஞ்சுக்கிட்டே நின்னான். இவன வாசல்ல வச்சுக்கிட்டு எப்படி யாவாரம் பாக்கன்னு, வடிவு வெளிய மழையில கிடந்த வாகை மரத்தக் கைகாட்டுனா. அன்னைக்கு வெட்டிப் போட்ட பச்சை மரம்.

"அத வேணா இழுத்துட்டுப் போ."

"பச்சை மரத்துல தீப்பிடிக்காதே தாயி."

"பிடிக்கிறப்பப் பிடிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு உள்ள போயி கஞ்சி குடிச்சாளாம்.

எட்டு நாள் ஆச்சு. கல்யாணம் நடந்து முடிஞ்சுது. ஒருநா மத்தியானம் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு கணவாய் வழியா எறங்கி வந்தா. செத்தவனோட பொஞ்சாதி. அவளும் தோட்டத்துல இருந்தவதான், சொந்த ஊரு கிழக்க. சாவடியில விசாரிச்சிருக்கா. சொள்ளமாடன் சுடுகாட்டக் காட்டிட்டு, விறகு குடுத்தது யாருன்னு அவ கேக்கவும் வடிவு கொட்டகைக்குக் கூட்டிட்டு வந்தான். வந்தவ நெடுஞ்சாங்கிடையா வடிவு காலுல விழுந்தா.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு விறகு குடுத்த மகராசி நீங்கதானாமே! நல்லா நின்னு எரிஞ்சுதுன்னு இந்த அண்ணன் சொன்னாவ. அனாதியாப் போயிருவாரோன்னு அழுதுக்கிட்டே வந்தேன் அக்கா."

வடிவுக்கு ஒடம்பு கூசிப்போச்சு. சொள்ளமாடனப் பாத்தா. அவன் தரையப் பாத்தான். அந்தப் பொண்ணு முந்தியில முடிஞ்சிருந்த ஒரு கை மிளக அவுத்து, "எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல அக்கா"ன்னு வடிவு கையில வச்சா. வடிவு வாங்கிக்கிட்டா. அந்தப் பொண்ணு கும்பிட்டுட்டுக் கிழக்க பாத்து நடந்துட்டா.

"ஏன்ல அப்படிச் சொன்ன? அந்தப் பச்சை மரம் எப்படில எரிஞ்சுது?"

"எங்க தாயி எரிஞ்சுது? பொகைஞ்சுது. பாதி வெந்தும் வேகாமக் கிடந்தாரு. நாயி சுத்தி வர ஆரம்பிச்சுட்டு. வீட்டுக்கு ஓடி, கதவக் கழட்டிப் பொளந்து கொண்டாந்து போட்டேன். கட்டிலையும் போட்டேன். அதுக்குப் பெறகுதான் தீ ஏறுச்சு."

"உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, அந்தப் புள்ள எப்படித் தாயி உசுரோட ஊரு போய்ச் சேரும்?"

வடிவுக்கு உக்கார முடியல. நிக்க முடியல. கொட்டகையத் தெறந்து போட்டபடி கிழக்க ஓடுனா. ஓடைக்கரையில அந்தப் பொண்ண மறிச்சா. மறிச்சு, மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் சொன்னா. காஞ்ச விறகு கொட்டகை நெறைய இருந்ததச் சொன்னா. பச்சை மரத்தக் காட்டுனதச் சொன்னா. சொள்ளமாடன் கதவப் பொளந்து போட்டதச் சொன்னா.

அந்தப் பொண்ணு ஏசல. சாபம் விடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"எவ்வளவு நேரம் பொகைஞ்சுது அக்கா?"

"தெரியல தாயி. நான் வந்து பாக்கல."

அந்தப் பொண்ணு கைய நீட்டுனா. "அப்ப அதத் தந்துருங்க."

வடிவு மிளகத் திருப்பிக் குடுத்தா. ஒரு மணி கீழ விழுந்துச்சு. அதையும் அந்தப் பொண்ணு குனிஞ்சு எடுத்து முடிஞ்சுக்கிட்டா. பிள்ளைய இடுப்புல ஏத்துனா, நடந்துட்டா. அவ பேரு என்னன்னு வடிவு கேக்கவே இல்லயாம்.

வடிவு சொள்ளமாடன் வீட்டுக்குத் தேக்குல கதவு போட்டுக் குடுத்தா. கட்டிலும் குடுத்தா. ஆனா சோறு எறங்கல.

அடுத்த மாசம் ஊர்க்கூட்டம். கணவாய் ரோட்டு ஒம்பது புளியமரத்தக் குத்தகைக்கு விடணும். பொம்பளைங்க கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுற வழக்கம் அப்ப கிடையாது. வடிவு எந்திரிச்சா. செஞ்சத அப்படியே சொன்னா. சொல்லிட்டு, "ஆளில்லாத பொணத்துக்கு ஊரு ஒரு வழி பண்ணணும்"னா.

நாட்டாமை சொன்னாராம், "தப்புப் பண்ணுனது நீ. பரிகாரம் ஊரா செய்யணும்? இனி நீயே விறகு குடு. யாரு வேண்டாங்கா?"

"குடுப்பேன் அண்ணாச்சி. ஆனா அப்பவும் இந்தச் சொள்ளமாடன் எங்கிட்டக் கையேந்தித்தான நிக்கணும்? எனக்கு மனசு இருந்தாக் காஞ்சதத் தருவேன். இல்லன்னா பச்சையக் காட்டுவேன். செத்தவனுக்கு எம் மனசா கதி? சாவடி பொது, குளம் பொது, புளியமரம் பொது. அந்தப் பொணம் மட்டும் எனக்கா?"

கூட்டத்துல சலசலப்பு. வடிவு விடல.

"சொள்ளமாடன் எந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கலையோ, அந்த வீட்டுக்காரங்க மட்டும் இப்பப் பேசுங்க."

யாரும் பேசல. கடைசியில நாட்டாமைதான் துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாராம். "எங்க வீட்டுப் பந்தியில நீங்க எல்லாரும் சாப்பிட்ட சோறு, அந்த விறகுல வெந்ததுதான்"னாராம்.

அன்னைக்கு முடிவாச்சு. அந்த ஒம்பது புளியமரத்துக் குத்தகை, கேக்க ஆளில்லாத பொணத்துக்கு. விறகும் அதுல, கோடித் துணியும் அதுல, வேல பாக்குறவன் கூலியும் அதுல. எவனும் எந்த வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்ல.

கலையுற நேரத்துல சொள்ளமாடன் கேட்டான், "நாளப்பின்ன தேடி வாரவுக யாரு குடுத்தான்னு கேட்டா, உங்க பேரச் சொல்லவா தாயி?"

"எம் பேரச் சொல்லிராத. யாரு பேரையும் சொல்லாத. ஊருன்னு சொல்லு, போதும்."

கிழக்க இருந்து யாராவது வந்தா வடிவு எட்டி எட்டிப் பாப்பாளாம், சாகுற வரைக்கும். அந்தப் பொண்ணு வரவே இல்ல.

இப்ப ரோட்ட அகலமாக்குனதுல நாலு மரம் போச்சு. மிச்சம் அஞ்சு நிக்கி. அதத்தான் ஆளில்லாப் புளின்னு சொல்லுதோம். இப்பக் கவர்மெண்டும் இதுக்குப் பணம் குடுக்கு, எழுதிப் போட்டா வருது. வந்தாலும் வராட்டாலும் அந்தக் குத்தகைய வேற எதுக்கும் தொட மாட்டோம், கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூட. யாராவது தேடி வந்து, எங்க ஆளுக்குக் கொள்ளி வச்சது யாருன்னு கேட்டா, பச்சப்புள்ளகூட ஊருன்னுதான் சொல்லும். வந்தவங்க அழுதுக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டா, நெடுவாகைக்காரன் எதுக்க நிக்க மாட்டான். ஓரமா வெலகிக்கிடுவான். அந்தக் கும்பிடு வாங்குறதுக்கு நம்ம ஊருல யாருக்கும் இன்னும் தைரியம் வரல.