பத்துக்குப் பத்தும் எக்ஸ்

ஹலோ... ஹலோ, கும்பாரே! நான்தான், எவாந்தியா. வோலோஸ்லேருந்து... ஆமா, ஆமா, எல்லாரும் நல்லா இருக்கோம்... குட்டி மெல்பொவா? தூங்கறா. ஞானஸ்நானத் தொட்டியில அந்தக் கத்து கத்தினாளே, இன்னும் தொண்டை கட்டிக்கிட்டுத்தான் இருக்கு... சேச்சே, உங்க தப்பு இல்ல. தண்ணி சில்லுன்னு இருந்தது.

இல்ல, அதுக்காகப் போன் பண்ணல. ஒரு நிமிஷம் இருங்க, கதவச் சாத்திட்டு வரேன்.

ம். இப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க புள்ளைக்குக் குடுத்த கவர்ல பத்து நோட்டு இருந்தது இல்லியா? அம்பது யூரோ நோட்டு பத்து... ஐயோ, கம்மின்னு யாரு சொன்னா? எங்க புள்ளைக்கு ஞானத்தகப்பன், அதனாலதான் எங்களுக்குக் கும்பாரோ நீங்க. சிலுவை வாங்கினீங்க, துணிமணி வாங்கினீங்க, அதுக்கு மேல இது வேற.

அந்தப் பத்து நோட்டையும் எங்கேருந்து எடுத்தீங்க?

...சும்மாதான் கேக்கறேன்.

...பர்ஸ்லேருந்து. கைக்கு வந்தத எடுத்து வெச்சீங்க. சரி... சரி, சரி. நம்பறேன்.

ஆனா கும்பாரே, பத்தும் எக்ஸ்.

...என்ன எக்ஸா? இத எனக்கு நீங்க சொல்லித் தரணும். மத்திய வங்கியில பத்தொம்பது வருஷமா உக்காந்திருக்கற ஆளு நீங்க. நோட்டுக்குப் பின்னாடி நம்பர் இருக்கு, நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்கு. எக்ஸ்னா ஜெர்மனி. ஒய்னா நாம, கிரீஸ்.

...யாரு சொன்னாங்களா? கணவாய் விக்கிறாரே அப்போஸ்தொலிஸ், அவரு. நேத்துக் காலையில நான் குடுத்த நோட்ட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "ஒய் வேண்டாம்மா, எக்ஸ் இருந்தாக் குடு"ங்கறாரு. பன்னெண்டு வருஷமா எங்க சாப்பாட்டுக் கடைக்குச் சரக்குப் போடற மனுஷன்! சீபுரோ சாராயம் குடிக்க வர்றவங்களும் ரெண்டாவது கிளாஸுக்கு மேல இதத்தான் பேசறாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஓட்டு. அது முடிஞ்சதும் நம்மள யூரோவ விட்டு வெளிய தள்ளிடுவாங்களாம். ஒய் நோட்டெல்லாம் விடியறதுக்குள்ள நம்ம பழைய திராக்மா ஆயிடுமாம். எக்ஸ் மட்டும் நிக்குமாம்.

...வதந்தி. ம். நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்து உங்க கவரப் பிரிச்சேன்.

...தற்செயலா? கும்பாரே, கல்லாவ மேசை மேல கொட்டிப் பாத்தேன். நூத்திப் பதினாலு நோட்டு. எக்ஸ் இருபத்தொம்பது. மிச்சம் ஒய்யி, இத்தாலிக்காரங்களோட எஸ்ஸு, ஃபிரான்ஸ்காரங்களோட யூ. நாலு பேர் கையில புழங்கற பணம் அப்படித்தான் இருக்கும். பத்துக்குப் பத்தும் எக்ஸ்னா அது கைக்கு வந்தது இல்ல. பொறுக்கினது.

...நான் கத்தல. உங்க குரல்தான் ஏறுது.

...ஆமா... ஆமா... இருங்க, மெதுவா. அச்சடிக்க ஏற்பாடு பண்ணது எந்த நாட்டு வங்கின்னு காட்டறதுதான் அந்த எழுத்து. ம். ஒரு வருஷம் நமக்குப் பத்து யூரோ அடிக்கற வேலை, இன்னொருத்தருக்கு அம்பது. பிரிச்சுக்கறாங்க. அடிச்சதும் ஊரெல்லாம் கலந்து போயிடுது. எந்த எழுத்தா இருந்தாலும் பொறுப்பு எல்லாருக்கும் சேத்து... சேத்துத்தானா? எல்லாரும் பொறுப்புன்னா நான் யாரு வீட்டுக் கதவப் போய்த் தட்டறது?

...உங்க வீட்டுக் கதவ இல்ல. சரி. உங்க வங்கித் தலைவரு வீட்டுக் கதவயா?... அவரு அந்த மேசையில இருபத்து மூணு பேர்ல ஒருத்தரு, அவ்வளவுதான். முடிவெல்லாம் ஃபிராங்க்ஃபர்ட்டுல, ஐரோப்பிய மத்திய வங்கியில. சரி, அங்க இருக்கறவர யாரு கேக்கறா?... பார்லிமெண்ட். நம்மளோடதா?... பிரஸ்ஸல்ஸ்ல இருக்கறது. வருஷத்துக்கு நாலு தடவ போய் உக்காந்து பதில் சொல்றாரு. பதில் பிடிக்கலைன்னா? வீட்டுக்கு அனுப்பிடலாமா?... பிடிக்கலைன்னு அனுப்ப முடியாது. எட்டு வருஷம் இருப்பாரு. அவரு சுதந்திரமா இருக்கணும்... யாருகிட்டேருந்து?... அரசியல்வாதிங்ககிட்டேருந்து. அப்ப எங்ககிட்டேருந்தும்தானே?

...சிரிக்காதீங்க. எங்க மேயரு ரோட்டுப் பள்ளத்த மூடலன்னா, வெள்ளிக்கிழமை சாப்பிட எங்க கடைக்குத்தான் வந்தாகணும். மீன வெக்கறதுக்கு முன்னாடி கேள்விய வெப்பேன். ஃபிராங்க்ஃபர்ட்டுக்காரரு எங்க சாப்பிடறாருன்னு எனக்குத் தெரியுமா?

...இல்ல, எனக்கு இன்னிக்கே தெரிஞ்சாகணும். அஞ்சு மணிக்கு லாரிஸ்ஸாலேருந்து ஒருத்தரு வராரு. படக வாங்க... ஆமா, எங்க படகுதான். டீசல் விக்கிற விலையில எங்க வீட்டுக்காரரு ஸ்தமாத்தி கடலுக்குப் போய் மூணு மாசமாச்சு. பதினாலாயிரம். ரொக்கமா, பையில போட்டு எடுத்துட்டு வராரு. இந்த மனுஷன் காலையிலேருந்து கரையில நின்னு படகக் கழுவிக்கிட்டு இருக்காரு, பொண்ணு பாக்க வர்றாங்கங்கற மாதிரி. எங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான் கும்பாரே. அதக் குடுத்துட்டு, பை நிறைய ஒய் வாங்கி வெச்சு, திங்கட்கிழமை எந்திரிச்சுப் பாத்தா...

...ஒண்ணும் ஆகாது. சரி. எல்லா நோட்டும் ஒண்ணுதான். சத்தியமா?... ஐயோ, மெல்பொ மேல வேண்டாம்! ஞானஸ்நானத்துல அவளுக்குப் பூசின எண்ணெயையே நாளைக்குத்தான் கழுவணும்.

சரி, நம்பிட்டேன். நம்பினதாலதான் ஒரு சின்ன உதவி கேக்கறேன். லாரிஸ்ஸாக்காரரு குடுக்கறதுல ஒய் எத்தன இருக்கோ, அத மட்டும் தனியா எடுத்து வெக்கறேன். ஓட்டுப் போடச் சனிக்கிழமையே ஊருக்கு வரீங்க இல்ல? வரும்போது உங்க வீட்டு பிஸ்கட் டப்பாவக் கொண்டாங்க. எக்ஸ் குடுங்க, ஒய் வாங்கிக்கங்க. அம்பதுக்கு அம்பது. எழுத்துக்குத்தான் அர்த்தமே இல்லியே.

...எந்த பிஸ்கட் டப்பாவா? பணத்தையெல்லாம் அதுல போட்டு வெக்கறீங்கன்னு டெஸ்போ சொன்னாங்க. சர்ச்சு வாசல்ல வெச்சு. நல்ல மனசு உங்க வீட்டம்மாவுக்கு, ஒண்ணும் உள்ள தங்காது.

...யோசிக்கணும். ம். இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?

...டெஸ்போவக் கேக்கணும்.

இவ்வளவு நேரம் எல்லா நோட்டும் ஒண்ணுன்னு பாடம் நடத்தினீங்களே கும்பாரே, அதுக்கு டெஸ்போவக் கேக்கல.

...இல்ல, இல்ல. இப்பச் சரின்னு சொல்லாதீங்க. அது கேட்ட வேகத்துல வந்திருக்கணும்.

...என்னது?... தெரியாதா?

...உங்களுக்குமா தெரியாது? நீங்க உள்ள இருக்கற ஆளு!... நானும் இத்தன நேரம், உங்களுக்கு ஏதோ தெரியும், எங்கிட்ட மறைக்கறீங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப நீங்களும் கணவாய்க்காரரு மாதிரி ஒவ்வொரு நோட்டா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துத்தான் அந்த டப்பாவுல போட்டீங்களா?

...ம்... ம். புரியுது. ரெண்டு புள்ளைங்க இருக்கு. புரியுது. எங்க புள்ளைக்கும் நல்லதாப் பாத்துப் பொறுக்கி வெச்சிருக்கீங்க, அதுக்கு நன்றி. அத எடுத்து வெக்கறேன், தொட மாட்டேன். ஆனா, நீங்க ஏதோ மறைக்கறீங்கன்னு நெனச்சப்பக்கூட எனக்கு இவ்வளவு பயம் வரல.

ஒரு நிமிஷம் இருங்க.

(ஜன்னலைத் திறந்து) ஸ்தமாத்தி! ஏய், ஸ்தமாத்தி!... கழுவினது போதும்! லாரிஸ்ஸாக்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லு!... அப்புறம் சொல்றேன்! படகு இருக்கட்டும்!... ஆமா, ஓட்டு முடியற வரைக்கும் இருக்கட்டும்! அதுல எந்த எழுத்தும் தேட வேண்டியதில்ல!

...ஆங், வந்துட்டேன், சொல்லுங்க... ஆமா, கேட்டுச்சா? விக்கல... உங்களால இல்ல. சரி, உங்களாலதான்.

...என்ன? யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?

எத கும்பாரே? பிஸ்கட் டப்பாவப் பத்தியா, இல்ல உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதப் பத்தியா?

...ஹலோ?

ஹலோ... ஹலோ?