முயல் பிடுங்கிய முடி

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் பேருந்து. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கங்குங் கீரைக் கட்டு.

"எங்க முயலு நெஞ்சு முடிய அதுவே பிச்சிப் போட்டுருச்சுக்கா."

"குட்டி போட்டுச்சா?"

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமை வீடு கழுவுற கையோட கூண்டையும் கழுவினேன். ஒரு மூலையில குட்டிங்களச் சுத்திப் பூரா முடி. குப்பைன்னு கூட்டித் தள்ளிட்டேன்லா."

"ஐயோ, அதானேம்மா குட்டிங்களுக்குப் போர்வை!"

"தெரியலையேக்கா. அன்னிக்குன்னு பாத்து ஒரே மழை. விடிஞ்சு பாத்தா ஒரு குட்டியும் அசையல."

மூத்தவள் கீரைக் கட்டைப் பார்த்தாள்.

"இந்தக் கீரை தாய் முயலுக்கா?"

"ம். சரியாவே திங்கல. இன்னும் முடியப் பிச்சு அதே மூலையில வைக்குதுக்கா. நான் இப்ப அந்த மூலையக் கூட்டுறதில்ல."