மேசையில் ஒரு வெளியாள்

விருந்தாளிகளை ஒரு மணிக்கு வரச் சொன்னால் இரண்டு மணிக்குத்தான் வருவார்கள் சார். அதனால் நான் பன்னிரண்டு மணி என்றே சொல்லிவிடுவேன். பெரிய சமையலும் கிடையாது. ஒரு சூப், தானாக வேகிற கோழி, அவித்த உருளைக்கிழங்கு. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். வருடக் கடைசி விடுமுறையில் ஐந்து நாள் வீடு நிறைய ஆள் இருந்தாலும் எனக்கு இடுப்பு வலி வந்ததில்லை. யார் கேட்டாலும் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

கஷ்டம் சமையலில் இல்லை சார், ஆட்களில்தான். என் நாத்தனார் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் ஒன்பது வருடமாக ஒரு ஏணித் தகராறு. தம்பி இரவல் வாங்கிய ஏணி ஒரு படி குறைவாகத் திரும்பி வந்தது என்பது அவர் கட்சி. வாங்கும்போதே அந்தப் படி இல்லை என்பது இவன் கட்சி. சூப் முடியும்வரை சும்மா இருப்பார்கள். கோழி வரும்போது ஏணியும் வந்துவிடும். நாத்தனார் புருஷனுக்குப் பரிந்து பேசுவார், என் கணவர் அக்காவுக்குத் தலையாட்டுவார், நான் தம்பியை முறைப்பேன், அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான். ஒரு வருடம் ஆத்திரம் தாங்காமல் அந்த ஏணியையே விறகாக்கினேன். அதற்குப் பிறகு இல்லாத ஏணிக்காகச் சண்டை போட்டார்கள்.

இந்த வருடம் முதல் நாளே சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அரை மணி நேரத்தில் அடைப்பை எடுத்துவிட்டுக் கை கழுவினார். அந்த நேரம் பார்த்துக் கோழி மேசைக்கு வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். குழாய்க்காரரைப் பார்த்தான். மூடிக்கொண்டான். நாத்தனார் வீட்டுக்காரர் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி, "எடுத்துக்கங்க தம்பி" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் அவனுக்கு 'ங்க' போட்டு நான் கேட்டதில்லை. வெளியாள் முன்னால் யார்தான் மானத்தைக் கப்பலேற்றுவார்கள்? எங்கள் குடும்பம் நல்ல குடும்பம் சார். அதை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

குழாய்க்காரர் தன் தட்டைத் தானே கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "அப்ப நான் வர்றேங்க" என்றார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே, "அந்த ஏணி இருக்கே..." என்று குரல் கேட்டது.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். "மாடி ரூம் பாத்ரூம்லயும் ஒரு குழாய் ஒழுகுதுங்க, ஒரு எட்டு பாத்துடுங்களேன்" என்றேன். ஒழுகவில்லை. அவர் திரும்பச் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்குள் நான் முன்னால் ஓடி ஒழுகவைத்தேன். அவர் உள்ளே போனதும் அறைக்கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பூட்டி வைத்ததாகப் புகாரில் எழுதியிருக்கிறது. பூட்டே கிடையாது. தாழ்ப்பாள் மட்டும்தான். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தேன்.

அவர் போனை நான் தண்ணீரில் போட்டதாகவும் சொல்கிறார். வாளிக்கு மேலே பிடித்திருந்தேன். பிறகு பிடிக்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்கு நானே போய் அழைத்து வருவேன். அப்போது ஏன் அவர் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். நாலு பேர் முன்னால் கத்தக் கூச்சப்படுகிற மனிதர் சார். மேசையில் உட்கார்ந்து மெதுவாக, "நான் கிளம்பட்டுமாங்க?" என்பார். "அட, இருங்க, என்ன அவசரம்" என்பார் நாத்தனார். "அவருக்கு இன்னொரு துண்டு வைக்கா" என்பான் தம்பி. அவர் என்னைப் பார்ப்பார். நான் சூப் ஊற்றுவேன். இரண்டாம் நாள், "வீட்ல தேடுவாங்கம்மா" என்று கண் கலங்கினார். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று நாத்தனார் வீட்டுக்காரர் உருகிப்போனார். தம்பி மூக்கை உறிஞ்சினான். அப்படி ஒரு சாப்பாடு எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

என் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். மூன்றாம் நாள், "இன்னுமா அந்தக் குழாய் ஒழுகுது?" என்றார். "ஆமாங்க" என்றேன். "நல்லது" என்றார்.

நேற்று, நாலாம் நாள் மதியம், குழாய்க்காரர் மனைவி வந்துவிட்டார். தெருத்தெருவாகத் தேடி, எங்கள் வாசலில் நின்ற அவர் ஸ்கூட்டரை அடையாளம் கண்டு வந்திருக்கிறார். நாலு நாளாக ஒரு சொல் அதிர்ந்து பேசாத மனிதர், மனைவியைக் கண்டதும் துள்ளி எழுந்தார். "புருஷனைக் காணோம்னு தோண உனக்கு நாலு நாளாச்சாடி?" சூப்புக் கிண்ணம் சுவரில் மோதி உடைந்தது. யாரையும் பார்க்காமல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று சார். மேசையில் கிண்ணம் வீசுகிற ஆள் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே அனுப்பியிருப்பேன்.

ஆனால் அந்தம்மா இருக்கிறாரே, தங்கம். "மன்னிச்சுக்குங்க, அவர் வீட்ல எப்பவும் இப்படித்தான்" என்று கை கூப்பிவிட்டு, உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். நாத்தனார் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் அந்தம்மா, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். கடைசியில் எங்கள் எல்லார் தட்டையும் அவரே கழுவினார்.

நான் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். குணம் எப்படி என்று விசாரிக்காமல் ஒரு ஆளை வீட்டில் வைத்துக்கொண்டது தப்பு. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம், விடுமுறையில் இன்று ஒரு நாள்தான் பாக்கி. புகாரை இரண்டு தடவை வாசித்துக் காட்டினீர்கள். அதில் மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தம்மா வீடு திரும்பினாரா என்று அந்த மனிதரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. மாடித் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம் சார், என்னைத் தவிர யாருக்கும் திறக்க வராது. மணி இரண்டாகப் போகிறது. ஒரு ஆளைப் பசியோடு வைத்திருக்க எனக்கு மனசு வராது.